கார் பிரேக்கும் அதன் திரவமும்: இல்லத்தில் செய்யத்தக்க பராமரிப்பு

பெங்களூரிலிருந்து தெற்கே செல்லும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில், கர்நாடக எல்லைக்கு உட்பட்ட கடைசி ஊர் அத்திபெலே. அதனைக் கடந்த சில கிலோமீட்டரில் தமிழ்நாட்டின் ஓசூர் வந்துவிடுகிறது. கன்னடமும் தெலுங்கும் தமிழும் ஒருங்கே வழங்கும் இவ்வூரில் குடியிருந்து, பொம்மசந்திரா, எலெக்ட்ரானிக் சிட்டி முதலிய இடங்களுக்கு வேலைக்குச் செல்வோர் பலர். அவர்களுடைய கார், வார நாட்களில் ஓசூர் சாலையின் நெரிசலில் மெல்ல ஊர்ந்து செல்கிறது. பிரேக்கு அடிக்கடி மிதிக்கப்படுகிறது. ஆயினும் ஒருமுறையேனும் அது கடுமையாகச் சோதிக்கப்படுவதில்லை. பொங்கலுக்கோ தீபாவளிக்கோ அதே கார் ஐந்து பேரையும் அவர்களுடைய மூட்டைகளையும் சுமந்துகொண்டு சேலத்தை நோக்கிப் புறப்படுகிறது. கிருஷ்ணகிரியும் தருமபுரியும் கடந்ததும் தொப்பூர்க் கணவாய் குறுக்கிடுகிறது.

அத்திபெலே கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. சேலத்தின் உயரம் 300 மீட்டருக்கும் குறைவே. இவ்விறக்கத்தின் செங்குத்தான பகுதிகளுள் ஒன்று தொப்பூரில் அமைந்திருக்கிறது. 2020 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் அங்கே லாரிகள் கட்டுப்பாடு இழந்து முன்சென்ற வாகனங்கள்மீது மோதியதால் உயிர்ச்சேதம் நேர்ந்தது. லாரியின் பிரேக்கு காற்றினால் இயங்குவது. காரின் பிரேக்கு திரவத்தினால் இயங்குவது. எனினும் இறக்கத்தில் பிறக்கும் வெப்பம் இரண்டுக்கும் பொதுவானது. சமநிலத்தில் மறைந்து கிடக்கும் குறை இறக்கத்தில்தான் வெளிப்படுகிறது. அதனை வீட்டு வாயிலிலேயே, புதிதாகக் கற்றுக்கொள்பவரும் கண்டறிவது எவ்வாறு, எதைத் தாமே சீர்செய்யலாம், எதைத் தொடலாகாது என்பன இங்கே விளக்கப்படுகின்றன. துறை வாகனங்களில் கிராமங்களுக்குச் செல்லும் ஊழியர்களுக்கு இது நேரடியாகப் பயன்படும். ஆசிரியர்களுக்கோ பாஸ்கல் விதி, உராய்வு, கொதிநிலை ஆகிய மூன்று பாடங்களுக்கும் ஒரே உதாரணமாக அமையும்.

வெப்பம் எங்கே செல்கிறது?

ஓடும் காரின் இயக்க சக்தியை வெப்ப சக்தியாக மாற்றிக் காற்றில் விடுவதே பிரேக்கின் வேலை. பயணிகள் உட்பட 1,200 கிலோகிராம் எடையுள்ள ஒரு சிறிய கார் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்வதாகக் கொள்வோர் கணக்கிட்டால், அதன் இயக்க சக்தி ஏறத்தாழ 2,96,000 ஜூல் என்று விடை வரும். ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரத் தேவையான வெப்பம் இதுவே. ஆக, ஒவ்வொரு முறை அக்காரை 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிறுத்தும்போதும், ஒரு செம்புத் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் வெப்பம் நான்கு சக்கரங்களின் பிரேக்கிலும் பிறக்கிறது. முன்சக்கரங்களின் பங்கு இதில் மிகுதி. ஏனெனில் நிற்கும்போது வண்டியின் பாரம் முன்பக்கமாகச் சாய்கிறது. வேகம் பாதியானால் வெப்பம் கால் பங்காகக் குறையும். நகரத்து நெரிசலில் பிரேக்கு சூடேறாமல் இருப்பதற்குக் காரணம் இதுவே.

இறக்கத்தில் நிலைமை வேறு. அதே கார் 100 மீட்டர் உயரம் இறங்கினால், வேகம் சற்றும் கூடாதிருக்க, ஏறத்தாழ 11,76,000 ஜூல் சக்தியை எங்கேனும் இழந்தாக வேண்டும். இது முன்சொன்ன நிறுத்தத்தைப்போல் நான்கு மடங்கு. வண்டி தாழ்ந்த கியரில் இருந்தால் இதில் பெரும்பகுதியை எஞ்சின் ஏற்றுக்கொள்ளும். எரிபொருளை மிச்சப்படுத்தும் எண்ணத்துடன் நியூட்ரலில் விட்டால், காற்றின் தடையும் சக்கரங்களின் தடையும் ஏற்கும் சிறு பங்கு நீங்கலாக முழுவதும் பிரேக்கின் தலையில் விழும். மேலும், இன்றைய கார்களில் எஞ்சின் நின்றிருக்கும்போது காலின் அமுக்கத்தைப் பெருக்கித் தரும் பூஸ்டரின் வெற்றிடமும் தீர்ந்துபோகும். இரண்டு மூன்று முறை மிதித்த பின்னர் பெடல் கல்லைப்போல் ஆகிவிடும். இறக்கத்தில் எஞ்சினை அணைப்பதைப்போன்ற அறிவீனம் வேறில்லை.

தொடர்ந்து மிதித்தால் பிரேக் டிஸ்க்கின் வெப்பநிலை 300 டிகிரியைத் தாண்டுவது அரிதன்று. அந்நிலையில் இருவகைக் கேடுகள் நேரலாம். பேடின் உராய்வுப் பொருள் தன் பிடிப்பை இழப்பது ஒன்று. அப்போது பெடல் காலுக்குக் கடினமாகவே இருக்கும். வண்டி மட்டும் நிற்காது. மற்றொன்று, வெப்பம் பேடின் வழியாகப் பிஸ்டனை அடைந்து, அதன் பின்னுள்ள திரவத்தைக் கொதிக்கவைப்பது. அப்போது பெடல் பஞ்சுபோல் அமுங்கித் தரையைத் தொடும். முன்னது ஓரளவு ஓட்டுபவரின் பிழை. பின்னது பெரும்பாலும் பராமரிப்பின் பிழை, வீட்டிலேயே தடுக்கக்கூடியது.

திரவமும் அதில் கரையும் நீரும்

பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் கண்ட விதியின்படி, மூடிய பாத்திரத்திலுள்ள திரவத்தின்மீது செலுத்தப்படும் அமுக்கம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவுகிறது. ஓட்டுபவர் 20 கிலோகிராம் விசையுடன் மிதித்தால், பெடலின் நெம்புகோல் அமைப்பு அதனை நான்கு மடங்காக்கி 80 கிலோகிராமாக மாஸ்டர் சிலிண்டருக்குத் தரும். அதன் பிஸ்டன் 2 சென்டிமீட்டர் விட்டமுடையதாயின், திரவத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 25 கிலோகிராம் அமுக்கம் உண்டாகும். சக்கரத்திலுள்ள கேலிப்பரின் பிஸ்டன் 5 சென்டிமீட்டர் விட்டமுடையதாயின், பேடை அது ஏறத்தாழ 500 கிலோகிராம் விசையுடன் டிஸ்க்கின்மீது நெருக்கும். பூஸ்டரின் உதவி இதற்கும் மேற்பட்டது.

மால்கம் லாக்ஹீட் என்னும் அமெரிக்கர் இவ்விதியை மோட்டார் வண்டியின் பிரேக்குக்குப் பயன்படுத்தினார். 1921இல் வெளிவந்த டூசன்பர்க் காரின் நான்கு சக்கரங்களிலும் திரவ பிரேக்கு இடம்பெற்றது. டிஸ்க் பிரேக்கின் எண்ணம் அதற்கும் முற்பட்டது. இங்கிலாந்தின் லாஞ்செஸ்டர் 1902இலேயே அதற்குக் காப்புரிமை பெற்றிருந்தார். எனினும் 1953இல் பிரான்ஸின் லெ மான் பந்தயத்தில் டிஸ்க் பிரேக்கு பூட்டிய ஜாகுவார் கார் வென்ற பின்னரே உலகம் அதனைப் பெரிதாகக் கருதத் தொடங்கியது. தமிழகத்தில், சென்னைப் பாடியில் 1962இல் நிறுவப்பட்ட பிரேக்ஸ் இந்தியா நிறுவனம் இத்தொழிலை வேரூன்றச் செய்தது.

பணிமனைகளில் ‘பிரேக் ஆயில்’ என்று வழங்கப்படும் இத்திரவம் உண்மையில் எண்ணெய் அன்று. கிளைக்கால் ஈதர் வகையைச் சேர்ந்த இரசாயனப் பொருள்களின் கலவை அது. இப்பெயர் விளைத்த தீங்கு சிறிதன்று. பெயரை நம்பி எஞ்சின் ஆயிலையோ பவர் ஸ்டியரிங் ஆயிலையோ ஊற்றியவர்கள் உண்டு. கனிம எண்ணெய் பட்டதும் சிலிண்டர்களிலுள்ள ரப்பர் வளையங்கள் ஊதிப்போகும். பின்னர் அமைப்பு முழுவதையும் கழற்றி, ரப்பர்ப் பாகங்கள் அனைத்தையும் மாற்ற நேரும்.

கிளைக்கால் திரவத்தின் இயல்பு ஈரத்தை ஈர்ப்பது. மழைக்காலத்தில் உப்பு ஜாடியில் உப்பு கசிவதை எல்லோரும் அறிவர். அதனை ஒத்த செயல் இது. ரப்பர்க் குழாய்களின் சுவர் வழியாகவும், திரவத் தொட்டியின் மூடியிலுள்ள நுண்துளை வழியாகவும் காற்றின் ஈரம் ஆண்டுதோறும் சிறிது சிறிதாகப் புகுகிறது. வண்டி ஓடாமல் நின்றாலும் இது நிகழும். ஆகவேதான் கிலோமீட்டரைக் காட்டிலும் காலத்தைக் கணக்கில் கொள்வது பொருத்தம்.

இத்திரவத்திற்கு அமெரிக்கப் போக்குவரத்துத் துறை வகுத்த தரங்கள் உலகெங்கும் வழங்குகின்றன. டாட் 3 எனப்படும் வகை புதியதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி சென்டிகிரேடு வரை கொதிக்கலாகாது. நூற்றுக்கு 3.7 பங்கு நீர் கலந்த நிலையிலோ அதன் கொதிநிலை வரம்பு 140 டிகிரியாகத் தாழ்ந்துவிடுகிறது. டாட் 4 வகைக்கு இவ்வெண்கள் 230, 155. டாட் 5.1 வகைக்கு 260, 180. மூன்று வகையிலும் நீர் செய்யும் சேதம் 65 டிகிரிக்குக் குறையவில்லை. புதிய டாட் 3 திரவம், பழையதாகி நீர் ஏறிய டாட் 5.1 திரவத்தைக் காட்டிலும் மேலானது என்பதை இவ்வெண்கள் காட்டுகின்றன. விலையுயர்ந்த திரவத்தை வாங்கி ஆறு ஆண்டுகள் மறந்துவிடுவதைவிட, சாதாரணத் திரவத்தை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுவதே அறிவுடைமை.

கொதித்த திரவம் ஏன் இவ்வளவு அபாயமானது என்பதற்கும் கணக்கு உண்டு. முன்சொன்ன மாஸ்டர் சிலிண்டரின் முழு ஓட்டம் 3 சென்டிமீட்டர் என்றால், அது தள்ளக்கூடிய திரவம் மொத்தம் 9 கன சென்டிமீட்டர் சொச்சம். ஒரு கன சென்டிமீட்டர் நீர் ஆவியானால், சாதாரண அமுக்கத்தில் 1,600 கன சென்டிமீட்டருக்கும் மேலான இடத்தை அடைக்கும். நூறில் ஒரு பங்கு கன சென்டிமீட்டர் நீர், அதாவது ஒரு துளியிலும் சிறு பகுதி, ஆவியானாலே 16 கன சென்டிமீட்டர் ஆவி பிறக்கும். கால் பெடலில் அழுந்தியிருக்கும்வரை அமுக்கத்தினால் ஆவி எளிதில் உண்டாவதில்லை. காலை எடுத்த நொடியில் அமுக்கம் வீழ்கிறது, ஆவி பிறக்கிறது, பிறந்த ஆவி திரவத்தைத் தொட்டிக்குத் திருப்பித் தள்ளுகிறது. அடுத்த மிதியில் பெடல் ஆவியை மட்டுமே அமுக்குகிறது. முன் வளைவில் நன்றாகப் பிடித்த பிரேக்கு மறு வளைவில் இல்லாமற்போவதன் இரகசியம் இதுவே.

வகுப்பறையில் இதனைக் காட்டுவது எளிது. ஊசி நீக்கிய இரண்டு சிரிஞ்சுகளை, ஒன்று சிறியதும் மற்றொன்று பெரியதுமாக எடுத்து, ஒரு பிளாஸ்டிக் குழாயினால் இணைத்துத் தண்ணீர் நிரப்ப வேண்டும். சிறியதை அழுத்தினால் பெரியது உடனே எழும். பெரியதன்மீது ஒரு புத்தகத்தை வைத்தாலும் தூக்கும். பிறகு குழாயில் சிறிது காற்றைப் புகவிட்டு மீண்டும் அழுத்தச் செய்தால், விரல் நெடுந்தூரம் சென்ற பின்னரும் புத்தகம் அசையாதிருப்பதை மாணவர் தம் விரலாலேயே உணர்வர். பஞ்சு போன்ற பெடல் என்று ஓட்டுநர்கள் கூறுவது இவ்வுணர்ச்சியையே.

சக்கரத்தைக் கழற்றாமல் காணத்தக்கவை

முதலில் எஞ்சின் அறையிலுள்ள திரவத் தொட்டியைப் பார்க்க வேண்டும். அதில் மேல்வரம்பு, கீழ்வரம்பு என இரு கோடுகள் உண்டு. புதிய திரவம் இளமஞ்சள் நிறத்தில் தெளிவாக இருக்கும். கருத்துக் கலங்கியிருந்தால் மாற்றும் காலம் கடந்துவிட்டது. நிறம் தெளிவாக இருப்பதால் மட்டும் நீர் இல்லை என்று கொள்ளலாகாது. நீர் கண்ணுக்குத் தெரிவதில்லை. மட்டம் குறைந்திருந்தால், உடனே ஊற்றி நிரப்புவது புதியவர் செய்யும் வழக்கமான தவறு. பேடுகள் தேயத் தேயப் பிஸ்டன்கள் வெளியே வந்து அவ்விடத்தைத் திரவம் நிரப்புவதால் மட்டம் மெல்லத் தாழ்வது இயற்கை. எனவே தாழ்ந்த மட்டம் பேடுகளைப் பார் என்று கூறும் அறிவிப்பாகும். சில நாட்களுக்குள் திடீரென்று தாழ்ந்தால் கசிவு உண்டு. அவ்வண்டியைப் பழுது நீங்கும்வரை சாலையில் செலுத்தலாகாது.

அடுத்து, எஞ்சின் நின்றிருக்கையில் பெடலைப் பலமுறை மிதித்துப் பூஸ்டரின் வெற்றிடத்தைத் தீர்த்துவிட்டு, ஒரே அழுத்தமாக அரை நிமிடம் மிதித்துப் பிடிக்க வேண்டும். பெடல் மெல்ல மெல்லத் தாழ்ந்துகொண்டே போனால் எங்கோ கசிகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் தேய்ந்துவிட்டது. மிதித்தபடியே எஞ்சினை இயக்கினால் பெடல் சிறிதளவு கீழே இறங்க வேண்டும். இறங்கினால் பூஸ்டர் நலமே. இச்சோதனைகள் இரண்டுக்கும் ஒரு ஸ்பேனரும் தேவையில்லை. ஊருக்குப் புறப்படும் முன்னாள் மாலையில் எவரும் செய்யலாம்.

பேடின் கனத்தைப் பெரும்பாலான கார்களில் சக்கரத்தின் இடைவெளி வழியாக டார்ச்சு விளக்கு கொண்டு காணலாம். உலோகத் தகடு நீங்கலாக உராய்வுப் பொருள் மட்டும் 3 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது. வெளிப்புறப் பேடு மட்டுமே எளிதில் தெரியும். உட்புறப் பேடு அதைவிட அதிகமாகத் தேய்ந்திருப்பதும் உண்டு. ஆதலால் ஆண்டுக்கு ஒருமுறையாவது சக்கரத்தைக் கழற்றிப் பார்ப்பது நலம். பல பேடுகளில் ஒரு சிறு இரும்பு நாக்கு பொருத்தப்பட்டிருக்கும். பேடு தேய்ந்ததும் அது டிஸ்க்கைத் தொட்டுக் கீச்சென்று ஒலிக்கும். மழை பெய்த மறுநாள் காலையில் டிஸ்க்கின்மேல் காணும் செந்துருவும், முதற் சில மிதிகளில் எழும் உரசல் ஒலியும் பொருட்படுத்தத் தக்கவை அல்ல, தாமே மறையும்.

சக்கரத்தருகே இரும்புக் குழாய் முடிந்து ரப்பர்க் குழாய் தொடங்கும் இடத்தையும் விளக்கின் உதவியால் நோக்க வேண்டும். வெடிப்பும் புடைப்பும் ஈரக்கசிவும் கண்டால் குழாய் மாற்றப்பட வேண்டும்.

பேடு மாற்றுதல்

இது புதியவர் கற்றுக்கொள்ளத் தக்க வேலையே. ஆனால் இதில் பிரேக்கினால் நேரும் அபாயத்தைவிட ஜாக்கியினால் நேரும் அபாயம் முதன்மையானது. வண்டியுடன் வரும் ஜாக்கி சக்கரம் மாற்றுவதற்கு மட்டுமே உரியது. அதை நம்பி வண்டியின் அடியில் கையோ தலையோ நீட்டலாகாது. அத்திபெலேயின் புது மனைப் பகுதிகளில் வீட்டு முன்றில்கள் பல சாலையை நோக்கிச் சாய்ந்துள்ளன. இன்னும் தளமிடாத மண் தரையும் உண்டு. இவ்விரண்டும் இவ்வேலைக்கு ஏற்றவை அல்ல. சமமான சிமெண்டுத் தரையில் வண்டியை நிறுத்தி, எதிர்ச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே சற்றுத் தளர்த்திய பின்னர் உயர்த்தி, உரிய இடத்தில் இரும்பு ஸ்டாண்டு நிறுத்த வேண்டும். கழற்றிய சக்கரத்தை வண்டியின் அடியில் தள்ளிவைப்பது மற்றுமொரு காப்பு. செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் ஸ்டாண்டு ஆகா. அவை எச்சரிக்கையின்றி நொறுங்கும்.

பிரேக்கின் தூசியை வாயால் ஊதுவதும் கம்பிரஸர் காற்றால் ஊதுவதும் கூடாது. பழைய லைனிங்குகளில் கல்நார் கலந்திருந்தது. அதன் நுண்ணிழை நுரையீரலில் தங்கிப் புற்றுநோய் விளைவிப்பது ஐயமற நிறுவப்பட்ட உண்மை. கல்நார் இல்லாத பேடின் தூசியும் சுவாசிக்கத் தக்கதன்று. ஈரத்துணியால் துடைத்தல் வேண்டும்.

கேலிப்பரின் கீழ்ப்போல்ட்டைக் கழற்றினால் பல கார்களில் அது மேல்நோக்கித் திரும்பிப் பேடுகள் வெளிப்படும். கேலிப்பர் முழுவதும் கழன்றுவருமாயின் அதனை ரப்பர்க் குழாயில் தொங்கவிடாமல் ஒரு கம்பியால் கட்டித் தூக்க வேண்டும். புதிய பேடு கனமாக இருக்குமாதலால், பிஸ்டனைச் ‘சி’ வடிவப் பிடிப்பானைக் கொண்டு மெல்ல உள்ளே தள்ள வேண்டும். அப்போது தொட்டியில் திரவம் உயர்ந்து வழியக்கூடும். இத்திரவம் பெயிண்டை அரித்துவிடும். சிந்திய இடத்தைத் துடைப்பதோடு நில்லாமல் தண்ணீர்விட்டுக் கழுவ வேண்டும். பின்சக்கரத்திலும் டிஸ்க் உள்ள சில கார்களில் பிஸ்டனைத் திருகியே உள்ளே செலுத்த இயலும். மின் கைப்பிரேக்கு உள்ள காரில் அதற்குரிய கருவியின்றிப் பின்பக்கத்தைத் தொடாதிருப்பதே நன்று.

கேலிப்பர் நழுவிச் செல்லும் இரு முளைகளைத் துடைத்து, அவற்றிற்கென விற்கப்படும் சிலிகோன் கிரீஸைத் தடவ வேண்டும். இவ்வேலையில் மிகுதியும் அலட்சியம் செய்யப்படுவது இதுவே. முளை இறுகினால் ஒரு பேடு மட்டும் தேயும், அச்சக்கரம் மட்டும் சூடேறும். பேடின் முகத்திலும் டிஸ்க்கிலும் கிரீஸோ விரல் எண்ணெயோ படக் கூடாது. டிஸ்க்கின் விளிம்பில் அதன் மிகக் குறைந்த கனம் மில்லிமீட்டரில் பொறிக்கப்பட்டிருக்கும். அளந்து பார்த்து அதற்கும் குறைந்திருந்தால் டிஸ்க்கையும் மாற்ற வேண்டும்; மெலிந்த டிஸ்க் குறைந்த வெப்பத்தையே தாங்கும். இடப்புறம் மாற்றினால் வலப்புறமும் மாற்றுதல் விதி. இல்லையேல் மிதிக்கும்போது வண்டி ஒருபுறமாக இழுக்கும்.

வேலை முடிந்ததும், வண்டியை ஓரடி நகர்த்துவதற்கு முன், பெடல் கெட்டியாகும்வரை பலமுறை மிதிக்க வேண்டும். பிஸ்டன்கள் பின்னே தள்ளப்பட்டிருப்பதால் முதற் சில மிதிகளில் பிரேக்கே இராது. இதனை மறந்து வண்டியைப் பின்னோக்கி எடுத்துச் சுவரில் மோதியவர்கள் கதை எல்லாப் பணிமனைகளிலும் வழங்குகிறது. புதிய பேடு டிஸ்க்கோடு பொருந்தும் பொருட்டு, போக்குவரத்தற்ற உட்சாலையில் 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10 கிலோமீட்டருக்கு மிதமாகக் குறைத்து, பத்து முறை போல், இடையே ஆறவிட்டுச் செய்ய வேண்டும். ஓசூர் நெடுஞ்சாலை இதற்கு இடமன்று.

பின்சக்கர டிரம் பிரேக்கின் வேலை இதனினும் கடினம். அதிலுள்ள ஸ்பிரிங்குகள் விசையுடன் தெறிக்கக்கூடியவை. அவற்றின் அமைப்பும் இடவல மாறுதல் உடையது. புதியவர் டிரம்மைக் கழற்றிக் கசிவும் லைனிங்கின் கனமும் பார்ப்பதோடு நின்று, மாற்றுவதை ஒருமுறையேனும் தேர்ந்தவர் செய்யக் கண்டு கற்பது தகும்.

திரவம் மாற்றுதல்

இதற்கு இருவர் தேவை. ஒருவர் பெடலருகே அமர்வார். மற்றவர் சக்கரத்தருகே இருப்பார். சக்கரத்திலுள்ள பிளீடர் நிப்பிளில் ஒளி ஊடுருவும் குழாயை மாட்டி, அதன் மறுமுனையைச் சிறிது புதிய திரவம் உள்ள சீசாவில் அமிழ்த்த வேண்டும். மேலிருப்பவர் மெல்ல மிதித்துப் பிடித்து, ‘அழுத்திவிட்டேன்’ என்று குரல் கொடுத்த பின்னரே கீழிருப்பவர் நிப்பிளைக் கால் சுற்றுத் திறக்க வேண்டும். திரவம் வெளிவந்ததும் நிப்பிளை மூடி, ‘விடலாம்’ என்று கூறிய பின்னரே காலை எடுக்க வேண்டும். இம்முறை மாறினால் காற்று உள்ளே இழுக்கப்படும். தெளிந்த திரவம் குமிழியின்றி வரும்வரை இவ்வாறு செய்து, சில மிதிகளுக்கு ஒருமுறை தொட்டியை நிரப்பி வர வேண்டும். தொட்டி ஒருபோதும் வறளலாகாது. ஏ.பி.எஸ். அமைப்பினுள் காற்றுப் புகுந்துவிட்டால் கணினிக் கருவியுள்ள பணிமனையில்தான் அதனை நீக்க இயலும்.

பழைய காரில் பெடலைத் தரைவரை மிதிப்பது தவறு. மாஸ்டர் சிலிண்டரின் உட்பகுதியில், பிஸ்டன் வழக்கமாகச் செல்லாத இடத்தில் துருவும் படிவும் இருக்கும். அங்கே ரப்பர் உரசினால் கிழியும். பெடலின் அடியில் ஒரு மரத்துண்டு வைத்துவிட்டால் இந்த அபாயம் இல்லை. சக்கரங்களின் வரிசை வண்டிக்கு வண்டி மாறும். உடன் தரப்பட்ட கையேட்டின்படி செல்க. புதிய திரவத்தை முத்திரை உடைக்காத சிறிய டப்பாவாக வாங்க வேண்டும். சென்ற ஆண்டு திறந்து மூடிவைத்த பாதி டப்பா ஈரம் ஏற்றது. அதைப் பயன்படுத்துவதற்கு மாற்றாமலே இருக்கலாம். வெளியேற்றிய திரவம் எவ்வளவு தெளிவாகத் தோன்றினும் மீண்டும் ஊற்றக் கூடாது. அதனைச் சாக்கடையிலோ கிணற்றடியிலோ கொட்டாமல், கழிவு எண்ணெய் சேகரிக்கும் பணிமனையில் ஒப்படைக்க வேண்டும்.

மேம்படுத்துதல் பற்றி

பெரிய டிஸ்க், துளையிட்ட டிஸ்க், பந்தயப் பேடு என்று பல பொருள்கள் விற்பனைக்கு உள்ளன. இவற்றின் பயனை அளக்க ஒரு வினா போதும்: இப்போதுள்ள பிரேக்கு, முழு விசையுடன் மிதித்தால் சக்கரத்தைப் பூட்டும் எல்லைக்கு, அதாவது ஏ.பி.எஸ். துடிக்கத் தொடங்கும் எல்லைக்குக் கொண்டுவருகிறதா? கொண்டுவருமானால், அதற்குமேல் வண்டியை நிறுத்துவது பிரேக்கு அன்று. டயருக்கும் சாலைக்கும் உள்ள உராய்வே. உராய்வுக் குணகம் 0.7 உள்ள உலர்ந்த சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்க ஏறத்தாழ 36 மீட்டர் வேண்டும். ஈரச் சாலையில் அது 0.4 ஆனால் 63 மீட்டர் ஆகிறது. எவ்வளவு பெரிய டிஸ்க்கைப் பூட்டினாலும் இத்தொலைவு குறையாது. நல்ல டயர் குறைக்கும். 2019 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்கப்படும் புதிய கார்களில் ஏ.பி.எஸ். கட்டாயமாதலால் இச்சோதனையைச் செய்து பார்ப்பதும் கடினமன்று. ஆளற்ற சாலையும் குறைந்த வேகமும் போதும்.

பெரிய டிஸ்க்கினால் கிடைக்கும் உண்மையான பயன் வெப்பத்தைத் தாங்கும் திறனே. ஆனால் முன்சக்கரத்தின் பிடிப்பை மட்டும் கூட்டினால் முன்பின் சமநிலை கெடும்; ஏ.பி.எஸ். கணக்கும் மாறும். மேலும், உற்பத்தியாளர் முதலில் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றியமைப்பதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. பந்தயப் பேடுகள் சூடேறிய பின்னரே நன்கு பிடிப்பவை. காலைக் குளிரில் பள்ளி வாயிலில் குறுக்கே ஓடும் குழந்தைக்காக மிதிக்கும் முதல் மிதியில் அவை சாதாரணப் பேடுகளிலும் தாழ்ந்தவை.

தொடக்க நிலையில் உள்ளவர் நியாயமாகச் செய்யத்தக்க மேம்பாடுகள் மிகச் சில. கையேடு அனுமதிப்பின் டாட் 3 திரவத்திற்குப் பதில் டாட் 4 ஊற்றலாம். இரண்டும் ஒரே இனம். பெயரில் ஒத்திருப்பினும் டாட் 5 என்பது சிலிகோன் திரவம். அதை இவற்றோடு கலத்தல் கூடாது. பத்தாண்டு கண்ட ரப்பர்க் குழாய்களைப் புதியனவாக மாற்றினால் பெடல் கெட்டிப்படும். நம்பத் தகுந்த உற்பத்தியாளரின் பேடும் நல்ல டயரும் வாங்கலாம். மின்சாரக் கார் வைத்திருப்போருக்கும் விலக்கில்லை. வேகத்தைக் குறைக்கும் வேலையின் பெரும்பகுதியை மோட்டாரே ஏற்பதால் பேடு நெடுநாள் உழைக்கும். ஆனால் டிஸ்க் துருவேறும். திரவம் மற்றக் கார்களைப்போலவே ஈரத்தை ஏற்கும். பேட்டரி நிரம்பிய நிலையில் இறக்கம் தொடங்கினால், மோட்டாரின் உதவியும் குறைந்து, பாரம் பிரேக்கிற்கே வரும்.

இவையெல்லாம் செய்து முடித்த கார் தொப்பூரை இறங்கும்போது, இறக்கம் தொடங்குமுன்பே தாழ்ந்த கியருக்கு மாற்றி, பிரேக்கை இடைவிடாது உரசவிடாமல், தேவையான இடத்தில் அழுத்தமாக மிதித்து வேகத்தைக் குறைத்துப் பின் விட்டுவிட வேண்டும். அடிவாரத்தைக் கடந்து பாதுகாப்பான இடத்தில் நிறுத்தியதும் நான்கு சக்கரங்களின் அருகிலும் புறங்கையைத் தொடாமல் நீட்டிப் பார்த்தால், இடமும் வலமும் ஏறத்தாழ ஒரே வெப்பம் தெரிய வேண்டும். ஒரு சக்கரம் மட்டும் அனல் வீசினால், அந்தக் கேலிப்பரின் முளையோ பிஸ்டனோ இறுகியிருக்கிறது. அதன்மேல் தண்ணீர் ஊற்றலாகாது; சுட்ட இரும்பு கோணும். அரை மணி நேரம் ஆறவிட்டு, சேலத்தை அடைந்ததும் அச்சக்கரத்தைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.